வரியை மீட்டுத் தருவதாகச் சொல்லி 84,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்: விவாகரத்து வழக்கில் நிற்பவர்கள் கவனியுங்கள்

நான் மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கிறேன். வரி கட்டுவதற்கென்று நான் கொடுத்த பணத்தில் ஒரு சதமும் கட்டப்படவில்லை என்பது நேற்றுப் பிற்பகல்தான் உறுதியானது. கோபம் ஆறுவதற்கு முன்னரே இதை எழுதுகிறேன்; ஆறிய பிறகு எழுதினால் ஊர் என்ன சொல்லுமோ என்று பாதியை விழுங்கிவிடுவேன். விவாகரத்து நடக்கும்போது பழைய வரிக் கணக்குகளால் சிக்குப்படுபவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் இறுதியில் சொல்கிறேன். பணத்தை வாங்கிய இடத்தின் பெயரை எழுதவில்லை. டின் (வரி செலுத்துநர் அடையாள) இலக்கம் எடுத்துக் கொடுப்பது, வருமான வரி விபரத்திரட்டு நிரப்புவது, வியாபாரப் பதிவு செய்வது என்று எல்லாவற்றையும் பொறுப்பெடுக்கும், நகரில் மேல்மாடி அறையொன்றில் இயங்கும் கணக்கு அலுவலகம் அது.

எனக்குச் சீதனமாக வந்த படுவான்கரை வயலை விற்ற 60 இலட்சம் ரூபாய், எங்கள் இருவர் பெயரிலும் கூட்டு நிலையான வைப்பாக இருந்தது. 2023/2024 வரியாண்டில் அதற்கு மாதம் 90,000 வீதம் 1,080,000 ரூபாய் வட்டி கிடைத்தது. வட்டி போய்ச் சேர்ந்தது கணவரின் கணக்குக்கு. வங்கி அதில் 5 சதவீதமான 54,000 ரூபாயை நிறுத்திவைத்தல் வரியாகக் கழித்திருந்தது. எனக்கு டின் இலக்கம் எடுத்தவரும், என் விபரத்திரட்டை அனுப்புவித்தவரும் கணவரே. பதிவில் இருந்த கைத்தொலைபேசி இலக்கமும் அவருடையதே. பிரிந்து, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான், என் பெயரில் 49,200 ரூபாய் வரி நிலுவை இருப்பதாகவும் அதற்குத் தண்டப்பணமும் வட்டியும் சேரும் என்றும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கடிதம் என் கைக்கு வந்தது.

உறவினர் ஒருவர் சொல்லித்தான் அந்த மாடிக்குப் போனேன். நான் ஏமாந்த இடம் எதுவென்று கேட்டால், அங்கிருந்த கணக்கர் கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டிய இடம்தான். என் சம்பளம் மாதம் 65,000, வருடத்துக்கு 780,000. முழு வட்டியையும் என் தலையில் ஏற்றியதால் மொத்த வருமானம் 1,860,000 ஆகியிருக்கிறது என்றும், அதில் வரி இல்லாத விடுதொகையான 1,200,000 ரூபாய் போக மிகுதி 660,000க்கு முதல் ஐந்து இலட்சத்துக்கு 6 சதவீதமும் மீதிக்கு 12 சதவீதமுமாக 49,200 வந்திருக்கிறது என்றும் நீலப் பேனாவால் வரிவரியாக எழுதினார். இலங்கையில் கணவனும் மனைவியும் வெவ்வேறு வரி செலுத்துநர்கள், கூட்டு வைப்பில் யார் பங்கு எவ்வளவு என்று தெளிவாகாவிட்டால் வட்டி சமமாகப் பிரிபடும், ஆகவே என் வருமானம் 1,320,000 மட்டுமே, வரி 7,200 மட்டுமே என்றார். வங்கி கழித்ததில் என் பாதி 27,000 என்பதால், நான் கட்டுவதற்கு மாறாக 19,800 ரூபாய் எனக்கு மீளளிக்கப்பட வேண்டும் என்றும், கழித்த 54,000 ரூபாய் முழுவதையும் கணவர் தன் விபரத்திரட்டில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். கடிதத்தை இரண்டு நிமிடம் பார்த்த ஒருவருக்குக் கணவரின் விபரத்திரட்டில் இருப்பது எப்படித் தெரியும் என்று நான் அப்போது கேட்கவில்லை. இத்தனை நாளாக எனக்கு யாரும் விளக்காத ஒன்றை ஒருவர் பொறுமையாக விளக்கியதே பெரிதாக இருந்தது.

"நீங்க வழக்கப் பாருங்க தங்கச்சி, கணக்க நான் பாக்கன்" என்றார். வட்டி ஏறாமலிருக்க முதலில் 49,200ஐக் கட்டிவிடுவோம், பிறகு திருத்திய விபரத்திரட்டை அனுப்பி, கட்டியதையும் 19,800ஐயும் சேர்த்து 69,000 ரூபாயாக மீட்போம் என்றார். அவருடைய கூலி 35,000. காப்பு இரண்டையும் அடகு வைத்து 84,200 ரூபாயைக் கையில் கொடுத்தேன். ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணி, மேசை நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் 84,200 என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கையொப்பம் வைத்துத் தந்தார். பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்துவிட்டதாம். அந்த நாட்காட்டித் தாள் ஒன்றுதான் இன்று என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகு ஆறு கிழமை நடந்தேன். முதல் கிழமை "மறுகா வாங்க புள்ள". அடுத்த கிழமை கொழும்பில் கணினி வேலை செய்யவில்லை. மூன்றாம் கிழமை அவர் கல்முனைக்குப் போயிருந்தார். எழுதுவினைஞர் பெண், கோப்பு சேரின் அலுமாரிக்குள் இருக்கிறது, திறப்பும் சேரிடம்தான் என்றாள். வட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்ததற்கான அடையாளம் விழும், பதில் வராது. கட்டிய சிட்டையையாவது தாருங்கள் என்று கேட்டபோது, திணைக்களம் தபாலில் அனுப்பும் என்றார்.

போன தவணையில் நீதிமன்றத்தில்தான் கண் திறந்தது. பிள்ளைக்கான தாபரிப்பைக் குறைக்க வேண்டும், மனைவி வருடத்துக்கு 1,860,000 ரூபாய் உழைப்பவர் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதிட்டு, என் விபரத்திரட்டின் பிரதியோடு என் சம்பளச் சிட்டையின் பிரதியையும் நீட்டினார். சிட்டையின் மேல் மூலையில் 780,000 என்று நீலப் பேனாவால் எழுதி வட்டமிடப்பட்டிருந்தது. என் முன்னால், அந்த மாடியில் போடப்பட்ட வட்டம் அது. பொய்யான விபரத்திரட்டை முதலில் நிரப்பியதும் அதே அலுவலகம்தான். அவர்கள் பல வருடமாகக் கணவரின் கணக்கர்கள். நேராகப் போய்க் கேட்டேன். "ரெண்டு பேரும் எனக்குப் புள்ளைகள் மாதிரித்தானே" என்றார். என் பிள்ளையின் பால்மா காசைக் குறைக்கத் தாளை எடுத்துக் கொடுத்தவர் சொன்ன வார்த்தை அது.

நேற்றுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் என் டின் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தார். பணம் எதுவும் கட்டப்படவில்லை. திருத்திய விபரத்திரட்டும் அனுப்பப்படவில்லை. 49,200 அப்படியே நிற்கிறது, அதன்மேல் வட்டியும் ஏறியிருக்கிறது, என்னுடைய 84,200 எங்கும் இல்லை.

ஆலோசனை சொல்வதாக எழுதியிருந்தேன். இப்போது முடிந்தது இவ்வளவுதான். பிரிந்த நாளிலேயே உங்கள் டின் இலக்கத்தில் பதிந்துள்ள தொலைபேசி இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கணவருக்கோ மனைவிக்கோ முன்பு கணக்குப் பார்த்தவரிடம் போகாதீர்கள். புதியவரிடமும் இதை முதலில் கேளுங்கள். வரிப்பணத்தை எவர் கையிலும் கொடுக்காமல் நீங்களே வங்கியில் கட்டிச் சிட்டையை வைத்திருங்கள். வங்கியிடம் நிறுத்திவைத்தல் வரிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மீளளிப்பைக் கோர, வரி கட்டிய நாளிலிருந்து நான்கு வருட எல்லை இருக்கிறது, யாராவது அவசரப்படுத்தினால் பயப்படாதீர்கள். சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்று காலை பொலிஸில் முறைப்பாடு பதிந்துவிட்டேன். பிழையான விபரத்திரட்டைப் பற்றி நீதிமன்றத்துக்குக் கொடுக்கச் சட்டத்தரணி சத்தியக்கடதாசி தயாரிக்கிறார். அந்த மாடியில் பணம் கொடுத்து, நாட்காட்டித் தாளோடு திரும்பியவர்கள் வேறு யாரும் இருந்தால், அந்தத் தாளை எறிந்துவிடாமல் நீங்களும் முறைப்பாடு செய்யுங்கள்.