காப்புறுதி அட்டையை நம்பி உளவளத்துணைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

நான் விசுவமடு. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் இன்னும் கை நடுங்கும். 2009க்குப் பிறகு விடியும்வரை தூங்கிய இரவுகள் குறைவு. போன வருடம் மனைவி பிடிவாதமாக நின்றதால் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிலையத்துக்குப் போனேன். வேலை இடத்தில் எடுத்துத் தந்த காப்புறுதி இருக்கிறது என்ற தைரியம்தான். அதை விற்க வந்த முகவர், "வெளிநோயாளர் செலவும் கவர் ஆகும் அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று சொல்லியிருந்தார்.

நிலையத்தில் என்ன வருத்தம் என்று கேட்கமுதல் அட்டையைக் கேட்டார்கள். முன்னுக்கு இருந்த பிள்ளை என் கோப்பின் மூலையில் பென்சிலால் "வருடம் 30,000" என்று எழுதினா. ஒரு அமர்வு 3,000 ரூபாய். பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்து, கடைசியில் ஒன்றாக அனுப்பினால் போதுமாம். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

ஆலோசகர் மோசமானவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பங்கருக்குள் நடந்ததை நான் வாய்திறந்து சொல்லத் தொடங்கியதே ஒன்பதாவது முறைதான். பத்தாவது முறை அவர், "நல்ல முன்னேற்றம், இதோட முடிப்பம்" என்றார். திரும்பி வரும்போது, பஸ் ஆனையிறவு தாண்டுகிற நேரத்தில்தான் அந்தப் பென்சில் எழுத்து ஞாபகம் வந்தது. 10 தரம் 3,000 என்றால் சரியாக அந்த 30,000.

பத்து அமர்வு குறைவு என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் எந்த வருத்தத்துக்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கிற நைஸ் (NICE) நிறுவனத்தின் வழிகாட்டிகூட மனவடுவுக்கான பேச்சுச் சிகிச்சைக்கு வழக்கமாக 8 முதல் 12 அமர்வு என்கிறது. பல இழப்புகளைப் பட்டவர்களுக்குக் கூடுதலாகத் தரலாம் என்றும் சொல்கிறது. அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் என் அட்டையைப் பார்த்தார்.

கதை இன்னும் முடியவில்லை. பற்றுச்சீட்டுகள் பத்தையும் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். உளநலச் சிகிச்சை எங்கள் ஒப்பந்தத்தில் விலக்கப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அப்படியென்றால் இல்லாத காசை வைத்துத்தான் என் சிகிச்சையை அளந்திருக்கிறார்கள்! பிறகு ஒப்பந்தப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், பல் கட்டுவதற்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவில் அது இருந்தது. முகவரின் தொலைபேசி இப்போது எடுபடுவதில்லை.

ஆகவே, போகமுதல் விலக்குகள் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள். முதல் பற்றுச்சீட்டை உடனே அனுப்பிப் பாருங்கள், மறுப்பதானால் 3,000 ரூபாய் செலவழித்த அளவிலேயே தெரிந்துவிடும். முதல் நாளே "எத்தனை தரம், எதை வைத்து முடிவெடுப்பீர்கள்?" என்று ஆலோசகரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

இப்போது கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகிறேன். காசு இல்லை, கிளினிக் நாளில் வாங்கில் காத்திருக்கத்தான் வேண்டும். அவசரம் என்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி எண் இருக்கிறது.

காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு ஒரு முறைப்பாடு எழுதி, பத்துப் பற்றுச்சீட்டின் பிரதிகளையும் சேர்த்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தபாலில் போடுவேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.