ரத்த புற்றுநோய்க்கு சாப்ட்வேர் பேர் வைக்கணும்னா: ரூல்ஸா, மெஷின் லேர்னிங்கா?

லேப் ரிசல்ட்டையும் ஜீன் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் குடுத்தா இது எந்த வகை ரத்த புற்றுநோய்னு சாப்ட்வேரே சொல்லிடணும், இதுக்கு ரெண்டு வழி போட்டி போடுது. ஒண்ணு, டாக்டர்கள் கையில இருக்கிற வகைப்பாட்டை அப்படியே ரூல்ஸா கோட் பண்றது. இன்னொண்ணு, பழைய கேஸ்களை குவியலா காட்டி மாடலையே கத்துக்க விடறது. இந்த ரிப்போர்ட்டுகளை கோர்த்துக் குடுக்கிற வேலைதான் என் வேலை, ரெண்டையும் ஓட்டிப் பார்த்திருக்கேன், என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடறேன்: பேர் வைக்கிறது ரூல்ஸ்கிட்ட இருக்கணும், மோப்பம் பிடிக்கிறது மாடல்கிட்ட இருக்கட்டும்.

ஜீன் ஒண்ணே போதுமே, லேப் டேட்டா எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு ஜேக்2 நல்ல உதாரணம். அந்த ஜீன்ல வர்ற வி617எஃப் மாற்றத்தை 2005ல கண்டுபிடிச்சாங்க, பாலிசைதீமியா வீரா (சிவப்பணு அளவுக்கு மீறி உருவாகிற ரத்த புற்றுநோய்) உள்ளவங்கள்ல 95 சதவீதத்துக்கு மேல அது இருக்கும், ஆனா எசென்ஷியல் த்ராம்போசைதீமியா (பிளேட்லெட் கூடிப்போறது), மைலோபைப்ரோசிஸ் (மஜ்ஜை தழும்பாகிறது) ரெண்டுலயும் பாதிப் பேருக்கு மேல அதே மாற்றம்தான். அப்போ எதை வச்சுப் பிரிப்பீங்க? ஹீமோகுளோபின் ஆம்பளைக்கு 16.5, பொம்பளைக்கு 16 தாண்டியிருக்கா, பிளேட்லெட் நாலரை லட்சத்துக்கு மேலயா, எலும்பு மஜ்ஜை பயாப்சி என்ன சொல்லுது, இப்படித்தான். இன்னொண்ணு, டிஎன்எம்டி3ஏ, டெட்2 மாதிரி ஜீன்கள்ல மாற்றம் வயசானவங்க ரத்தத்துல நோயே இல்லாமலும் இருக்கும், சீக்வென்சிங் (ஜீனை எழுத்தெழுத்தா படிக்கிற டெஸ்ட்) ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து புற்றுநோய்னு சொல்ற சாப்ட்வேர் நல்லா இருக்கிற மனுஷனை பயமுறுத்திட்டுப் போயிடும்.

சரி, ரூல்ஸ். இதோட பெரிய பலமே ஏன் இந்தப் பேர்னு வரி வரியா காட்டும், டாக்டர் ஒத்துக்கலன்னா எந்த வரியிலன்னு விரல் வைக்கலாம். பிரச்சனை என்னன்னா 2022ல புத்தகமே ரெண்டாயிடுச்சு, உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாடு ஒண்ணு, ஐசிசின்னு சொல்ற சர்வதேச ஒருமித்த வகைப்பாடு இன்னொண்ணு. மஜ்ஜையில பிளாஸ்ட், அதாவது முதிராத செல், 7 சதவீதம், என்பிஎம்1 ஜீன்ல மாற்றம் இருக்குன்னு வைங்க. முதல் புத்தகப்படி என்பிஎம்1 இருந்தா பிளாஸ்டுக்கு குறைஞ்சபட்ச அளவே கிடையாது, அது ஏஎம்எல், வேகமா வளர்ற ஒரு ரத்த புற்றுநோய். ஐசிசிக்கு 10 சதவீதமாவது வேணும், அதனால அங்க அது எம்டிஎஸ், மஜ்ஜை ரத்த செல்களை சரியா உருவாக்காத நோய். ஒரே ஆள், ஒரே சாம்பிள், ரெண்டு பேர். ரூல்ஸ் சிஸ்டம்னா ரெண்டு பதிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எங்க பிரியுதுன்னும் காட்டிடும், அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

ஆனா ரூல்ஸும் கண்ணை மூடிட்டு நம்பறதுக்கில்ல. நாங்க ஓட்டிப் பார்த்த ஒரு சாம்பிள்ல இதே மாதிரி பிளாஸ்ட் 7தான், என்பிஎம்1 கட்டம் காலியா இருந்துச்சு, டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரல அவ்ளோதான், ஆனா நடுவுல இருந்த ஒரு ஸ்கிரிப்ட் காலி கட்டத்தை நெகட்டிவ்னு எடுத்துக்கிட்டு, ரூல் தெளிவா எம்டிஎஸ்னு அடிச்சிடுச்சு. ரிசல்ட் வந்தப்போ பாசிட்டிவ், அதாவது முதல் புத்தகப்படி ஏஎம்எல். ரூல்ஸ் கோட்ல ஒரு தப்பும் இல்ல, "டெஸ்ட் பண்ணல", "பண்ணி இல்லன்னு வந்துச்சு" இந்த ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டதுதான் தப்பு. அன்னைக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கமே வரல.

மெஷின் லேர்னிங் பக்கம் 1999லயே ஆரம்பிச்சுட்டாங்க. கோலப்னு ஒரு விஞ்ஞானியோட குழு 38 லுகேமியா (வெள்ளையணு புற்றுநோய்) சாம்பிளோட ஜீன் எக்ஸ்பிரஷனை, அதாவது எந்த ஜீன் எவ்ளோ வேலை செய்யுதுங்கிற அளவை வச்சு, 50 ஜீன்ல ஏஎம்எல், ஏஎல்எல் (லிம்போசைட் வகை செல்ல வர்ற வேகமான லுகேமியா) ரெண்டையும் பிரிச்சு காட்டினாங்க. அப்புறம் புதுசா 34 சாம்பிள் குடுத்தப்போ 29க்கு உறுதியா பதில் சொல்லி 29மே சரி, மிச்ச அஞ்சுக்கு பதில் சொல்லாம விட்டுடுச்சு. எனக்கு அந்த 29ஐ விட இந்த அஞ்சு மேலதான் மரியாதை. இப்போ வர்ற நிறைய மாடல் எதைக் குடுத்தாலும் ஏதோ ஒரு பேரை நீட்டுது, டேட்டா பாதி இல்லன்னாலும் சரி, லிஸ்ட்லயே இல்லாத நோயா இருந்தாலும் சரி.

மாடல் இல்லாம முடியாத இடமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. 2009ல ரெண்டு குழு தனித்தனியா பார்த்தாங்க, பி-செல் ஏஎல்எல்ல சிலருக்கு பிலடெல்பியா குரோமோசோம் (9வது, 22வது குரோமோசோம் துண்டு இடம் மாறினது) இல்ல, ஆனா எக்ஸ்பிரஷன் பேட்டர்ன் அச்சு அசலா அது இருக்கிறவங்க மாதிரியே இருக்கு. பிலடெல்பியா-மாதிரி ஏஎல்எல்னு ஒரு வகையே அங்கதான் பிறந்துச்சு, பேட்டர்ன் வச்சு வந்த நோய்க்கு நாலு இஃப் கண்டிஷன்ல எப்படி ரூல் எழுதுவீங்க? டியுஎக்ஸ்4 ஜீன் மாற்றமும் அப்படித்தான், சாதாரண குரோமோசோம் டெஸ்ட்ல கண்ணுக்கே படாது, ஆர்என்ஏ சீக்வென்சிங்ல பளிச்சுனு தெரியும். குறை என்னன்னா லேபிள் பழசாயிடும். 2016 வகைப்பாட்டுல கத்துக்கிட்ட மாடலுக்கு 2022 மாறினது தெரியாது, திரும்ப லேபிள் போட்டு திரும்ப டிரெய்ன் பண்ணணும், ரூல்ஸ்ல அது சில வரி வேலை.

செல் போட்டோ பார்க்கிற மாடல் தனி ரகம். ஏபிஎல்னு ஒரு லுகேமியா, 15வது 17வது குரோமோசோம் துண்டு மாறி பிஎம்எல்-ராரா இணைவு உண்டாகிறதால வர்றது, ரத்தக் கசிவுல சட்டுனு உயிர் போயிடும், அதனால சந்தேகம் வந்தாலே ஜீன் ரிசல்ட்டுக்கு காத்திருக்காம ஏடிஆர்ஏ மருந்தை ஆரம்பிச்சிடணும். இங்க முழு ஜீனோம் சீக்வென்சிங் எவ்ளோ நல்லா இருந்தாலும் நாள் கணக்கு ஆகும், ஸ்லைடு பார்க்கிற மாடல் நிமிஷத்துல கொடி காட்டும். தப்பா கொடி காட்டினா கூட பரவாயில்ல, உறுதி பண்ண ஃபிஷ் டெஸ்ட் (அந்த இணைவை ஒளிரும் சாயம் வச்சு தேடறது) இருக்கு.

சாட்பாட் வகை மாடல்களை டயக்னோசிஸ்க்கு நான் விடவே மாட்டேன், ரிப்போர்ட்ல இருந்து டேட்டா எடுக்க மட்டும் விடுவேன். குரோமோசோம் ரிப்போர்ட் பார்த்திருப்பீங்க, 46ன்னு ஆரம்பிச்சு கமா செமிகோலன்னு ஓடற ஒத்த வரி, கடைசில கட்ட அடைப்புல எத்தனை செல்னு நம்பர். ஒரு குரோமோசோம் கூடுதலா இருந்தா ரெண்டு செல்ல பார்த்தா போதும், குறைஞ்சிருந்தா மூணு செல் வேணும், அப்போதான் அது குளோன், அதாவது ஒரே செல்ல இருந்து பெருகின கூட்டம். அந்த நம்பரை விட்டுட்டுப் படிச்சா மொத்த வரியும் வீண்.

என்னைக் கேட்டா வரிசை இப்படி: ஸ்லைடு மாடல் முதல்ல அவசரத்துக்கு கொடி காட்டட்டும், எக்ஸ்பிரஷன் மாடல் "இதையும் பாருங்க"ன்னு சொல்லட்டும், பேரை ரூல்ஸ் வைக்கட்டும், கையெழுத்து ஹெமட்டாலஜிஸ்ட் (ரத்த நோய் டாக்டர்) போடட்டும். எங்க சிஸ்டத்துல இப்போ ஒவ்வொரு ஜீன் கட்டத்துக்கும் மூணு நிலை: இருக்கு, இல்ல, இன்னும் பார்க்கல. மூணாவது நிலை ஒண்ணு இருந்தாலும் பேர் வராது, எந்த டெஸ்ட் பாக்கின்னு மட்டும் வரும்.