மாதச் சாமான்: பெரிய கடையா, பக்கத்துக் கடையா?

மாதச் சாமானைப் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் மொத்தமாக எடுப்பதா, தீரத் தீரப் பக்கத்து மளிகைக் கடையில் வாங்குவதா? என் ஓட்டு பெரிய கடைக்குத்தான். இரண்டு மூன்று சாமான்களை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

பெரிய கடையில் விலை குறைவு, ரகம் அதிகம். பக்கத்துக் கடையில் அலைச்சல் இல்லை, கால் கிலோவும் கட்டித் தருவார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பது வேறொன்று: வாங்கியது கெடுவதற்குள் தீருமா?

5 கிலோ பையில் கிலோவுக்கு 20 சதவீதம் மலிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோவின் சில்லறை விலைக்கு 5 கிலோ கிடைக்கிறது. அதில் 1 கிலோ வண்டு விழுந்து குப்பைக்குப் போனால் மிச்சம் ஒன்றுமில்லை. அதற்கு மேல் போனால் கைநஷ்டம். பெரிய பை என்றாலே மலிவு என்றும் எடுத்துவிட வேண்டாம். சலுகை நாட்களில் நடுத்தரப் பாக்கெட்டே கிலோ கணக்கில் குறைவாக இருக்கும். மொத்த விலையை எடையால் வகுத்துப் பார்த்துவிட்டுக் கூடையில் போடுங்கள்.

உப்பு, சர்க்கரை, தீட்டிய அரிசி, பருப்பு ஆகியவற்றைத் தயங்காமல் மொத்தமாக எடுக்கலாம். தீட்டாத அரிசியும் தவிட்டோடு அரைத்த மாவும் அப்படியல்ல. தவிட்டிலும் முளையிலும் உள்ள எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். சமையல் எண்ணெய்க்குக் காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் ஆகாது. 5 லிட்டர் கேனைத் தினமும் திறந்து மூடினால், எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்றுதான் நிற்கும். வாங்கிய அன்றே ஈரமில்லாத சிறு பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டான அலமாரியில் வையுங்கள்.

வண்டு பிரிக்காத பையிலும் வரும், ஏனென்றால் முட்டை தானியத்தோடும் மாவோடுமே வந்திருக்கும். மாவை ஒவ்வொரு கிலோவாகப் பிரித்து, காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வைத்தால் முட்டையும் செத்துவிடும். பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த மாவில் காற்றின் ஈரம் படிந்து, கட்டி தட்டி, பூஞ்சை பிடிக்கும். குளிர் முழுக்க விட்ட பிறகே டப்பாவில் கொட்ட வேண்டும்.

பெரிய கடையில் பழைய தேதிச் சரக்கை முன்வரிசையில் அடுக்குவது வழக்கம், அதனால் பின்வரிசையிலும் கை விட்டுத் தேதி பாருங்கள். உறைந்த சாமானைக் கடைசியில் எடுங்கள்.

பக்கத்துக் கடைக்கு நான் விட்டுக்கொடுப்பது மசாலாப் பொடி, பேக்கிங் பவுடர், தோல் நீக்கிய கொட்டைகள். பொடித்த மசாலாவில் மணம் சீக்கிரம் போய்விடும். பேக்கிங் பவுடர் ஈரத்தை இழுத்து வீரியம் இழக்கும். ஒரு ஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டு, நுரைத்துப் பொங்காவிட்டால் தூக்கிப்போடலாம். அந்தக் கடையில் வியாபாரம் மந்தமாக இருந்தால் மூட்டைச் சரக்கும் பழசாகத்தான் இருக்கும், அதையும் கவனியுங்கள்.

ஒருவர் இருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கோ, ஃப்ரீசர் இல்லாத வீட்டுக்கோ என் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு பையிலும் பிரித்த தேதியையும் தீர்ந்த தேதியையும் எழுதி வந்தால், எந்த அளவுப் பை உங்கள் வீட்டுக்குச் சரி என்பது மூன்று மாதத்தில் பிடிபட்டுவிடும்.