6 ஜிகாபிட் சாட்டா ஹார்ட் டிஸ்க்: பெட்டியில் போட்ட வேகம் கைக்கு வருகிறதா?

7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று), 4 டெராபைட், பெட்டி மேல் பெரிதாக '6 ஜிகாபிட்', அதாவது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா வழியில் விநாடிக்குப் போகக்கூடிய உச்சம். டிஸ்க் நல்ல டிஸ்க்தான், ஆனால் அந்த 6-ஐ நம்பி இதை வாங்காதீர்கள்.

பழைய மதர்போர்டின் 3 ஜிகாபிட் போர்ட்டிலும் புதியதன் 6 ஜிகாபிட் போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். பெரிய வீடியோ ஃபைல்களைக் காப்பி செய்தால் இரண்டிலும் விநாடிக்கு 200 மெகாபைட்டை ஒட்டித்தான் ஓடுகிறது, டிஸ்க் நிரம்ப நிரம்ப அதுவும் குறைகிறது, ஏனென்றால் டேட்டா பதியும் சுழல் தட்டின் உள்வட்டத்தில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் டேட்டா வெளிவட்டத்தைவிடக் குறைவு. 3 ஜிகாபிட்டிலேயே விநாடிக்கு 300 மெகாபைட் போகலாம். அதையே தட்டு நிரப்பவில்லை, 600-க்கு வழி திறந்துவிட்டு என்ன பயன்? குழாயை அகலமாக்கினால் கிணற்றில் ஊற்று பெருகாது.

விண்டோஸ் திறப்பது, சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுவது எல்லாம் இன்னும் மோசம். 7200 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி, வேண்டிய இடம் ஹெட்டுக்கு (படிக்கும் முனைக்கு) அடியில் வர சராசரியாக அதில் பாதி, அதற்கு முன்னால் ஹெட் அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு எட்டு ஒன்பது. ஆக, ஒன்று முடிந்து அடுத்தது என்று தேடினால் விநாடிக்குச் சுமார் 80 தடவைதான், 4 கிலோபைட் துண்டுகளாகப் படிக்கும்போது அரை மெகாபைட்கூடத் தேறாது! இதில் கேபிள் என்ன செய்யும்?

டிஸ்க்கோடு வரும் சின்ன நினைவகமான கேஷில் ஏற்கெனவே இருக்கும் டேட்டா மட்டும் 6 ஜிகாபிட்டில் வேகமாக வரும். பெஞ்ச்மார்க்கில் ஒரு எண் அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் டேட்டா வைக்கும் எஸ்எஸ்டி கதை வேறு. சாட்டா எஸ்எஸ்டி 550 மெகாபைட் வரை போவதால் 3 ஜிகாபிட் போர்ட் அதைப் பாதியாக வெட்டிவிடும், ஆனாலும் தேடும் நேரம் இல்லாததால் பழைய கம்ப்யூட்டரில் போட்டால்கூட மாற்றம் உடனே தெரியும். அதனால் போர்ட் பழசு என்று தயங்க வேண்டாம், ஓஎஸ்ஸை (விண்டோஸை) எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு இன்டர்ஃபேஸ் உண்மையிலேயே தடையாவது யூஎஸ்பி 2-இல்தான், அங்கே 35, 40 மெகாபைட்டோடு நின்றுவிடும், டிஸ்க்கை யூஎஸ்பி 3 வெளிப்பெட்டிக்கு (என்க்ளோஷருக்கு) மாற்றினால் நாலைந்து மடங்கு கிடைக்கும்.

படம், பேக்கப் வைக்க இந்த டிஸ்க் தாராளமாகப் போதும். வாங்கும்போது 6 இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு சிஎம்ஆரா (தடங்கள் தனித்தனியாக இருப்பது) எஸ்எம்ஆரா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருப்பது) என்று பாருங்கள், எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தொடர்ந்து நிறைய எழுதினால் வேகம் படுத்துவிடும்.