டர்பனில் மசில்லோடர்: கருமருந்து, கேப், ஈயம் வாங்கிய அனுபவம்

டர்பன் பக்கம் பல வருடமாக மசில்லோடர், அதாவது குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கி, சுடுகிறேன், கையில் .50 காலிபர் (குழல் விட்டம் அங்குலத்தில்) ஒன்றும் .45 ஒன்றும் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கி என்ன விலை என்றுதான் முதலில் கேட்கிறார்கள், ஆனால் அது ஒரு தடவைச் செலவு. கருமருந்தும், அதைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடியான கேப்பும் எங்கே கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு அப்புறம் துப்பாக்கியைப் பாருங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் வாய்வழியாகக் கெட்டித்து, ஒரு குழலுக்கு ஒரு வெடி சுடும் துப்பாக்கிக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம், துப்பாக்கியைக் கையாளத் தகுதி உண்டு என்ற காம்பிடன்சி சர்டிபிகேட் கட்டாயம் வேண்டும். கேப்பும் உருண்டைக் குண்டும் போட்டுச் சுடும் கேப் அண்ட் பால் ரிவால்வர் இந்தச் சலுகையில் வராது.

கருமருந்து ஏன் இவ்வளவு விலை? அது 1.1 வகை (மொத்தமாக ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடிய) வெடிபொருள், சாதாரணக் கூரியர்காரர் தொடவே மாட்டார், கப்பலில் இருந்து கிட்டங்கி வரை எல்லாவற்றுக்கும் தனி ஏற்பாடு வேண்டும், அந்தச் செலவெல்லாம் டப்பா மேல்தான் ஏறுகிறது. நல்ல மருந்து செய்யும் ஆலைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். 2021-ல் அமெரிக்காவின் கோயெக்ஸ் கருமருந்து ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள், 2022-ல் எஸ்டெஸ் நிறுவனம் அதை வாங்கியது. ஒரு ஆலை தள்ளாடினால் மற்ற ஆலைகளின் சரக்குக்கும் கிராக்கி வந்துவிடும். ரேண்ட் இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் நான் சின்னக் காலிபர் பக்கம் சாய்ந்தேன். .50-ல் 60 கிரெயின் (மருந்தை அளக்கும் சின்ன எடை அலகு) போட்டால் ஒரு வெடிக்கு ஏறக்குறைய 3.9 கிராம், அரைக் கிலோ மருந்தில் 128 வெடி. .45-ல் 40 கிரெயின் போட்டால் 2.6 கிராம், அதே அரைக் கிலோவில் 190 வெடிக்கு மேல் வரும். ஈயமும் அப்படித்தான், ஒரு கிலோவில் .50-க்கான .490 குண்டு 87 வார்க்கலாம், .45-க்கான .440 குண்டு 120 வரும். ஐம்பது மீட்டர் அட்டையில் துளை போட .45 தாராளம்.

கேப் விஷயம்தான் உண்மையான தலைவலி. கேப் செய்கிற ஆலைகளில் சில, இன்றைய தோட்டாக்களைப் பற்றவைக்கும் பிரைமரும் செய்கின்றன, பிரைமருக்குத் தட்டுப்பாடு வந்தால் முதலில் ஒதுக்கப்படுவது நம் கேப்தான். கேப் உட்காரும் சின்னக் குழாய்தான் நிப்பிள், 10-ஆம் எண் கேப்புக்கு ஒன்று, 11-ஆம் எண் கேப்புக்கு ஒன்று வாங்கி வையுங்கள், கடையில் எது இருந்தாலும் சுடலாம். கேப்பைக் கண்ட அன்றே வாங்கிவிடுங்கள், மருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஈயம் நம் ஊரில் கஷ்டமே இல்லை. தூண்டில் போடுகிறவர்கள் வீட்டிலேயே சிங்கர் (தூண்டில் ஈயக்கட்டி) வார்க்கிற ஊர் இது, யாரிடமாவது இருக்கும். ஆனால் டயர் வெயிட் கலந்தது கடினமாக இருக்கும், நகத்தால் கீறினால் கோடு விழுகிற மெத்தென்ற ஈயம்தான் வேண்டும். உருக்குவது வெளியில், காற்றோட்டத்தில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல். குண்டைச் சுற்றிக் கெட்டிக்கும் பேட்ச் துணிக்கு கிரே ஸ்ட்ரீட் ஜவுளிக் கடைகள் போதும், கெட்டியான சுத்தப் பருத்தி, மூலையைக் கொளுத்திப் பாருங்கள், உருகினால் வேண்டாம். பேட்சில் பெட்ரோலியக் கிரீஸ் பூசாதீர்கள், குழலில் கரி தாராகப் பிடிக்கும். தேன்மெழுகோடு விளக்கெண்ணெய் எனக்கு நன்றாக வேலை செய்கிறது.

மருந்து கிடைக்காத மாதங்களில் பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து கை கொடுக்கும், கேப் துப்பாக்கிக்குச் சரி, சிக்கிமுக்கித் துப்பாக்கியில் சரியாகப் பற்றாது. அதை எடை போடாமல் அளவுக் குழாயில்தான் அளக்க வேண்டும். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லாத மருந்தை மட்டும் கொஞ்சம்கூடக் கலக்கக் கூடாது, குழல் வெடித்துக் கை போய்விடும். எந்த மருந்தாக இருந்தாலும் டர்பன் ஈரக்காற்றில் குழலில் படிந்த கரியால் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும், அன்றைக்கே சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள்.