அட்லாண்டிக்கைக் கடக்க: பால்கனியா, கீழ்த்தள ஜன்னலா?

மத்தியதரைக் கடலிலோ கரீபியனிலோ சுற்றுகிற கப்பலில் பால்கனி கேபின் எடுப்பவர்களிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை. தினம் ஒரு துறைமுகம். கப்பல் உள்ளே நுழைவதைப் படுக்கையை விட்டு எழாமலே பார்க்கலாம். அட்லாண்டிக்கைக் குறுக்கே கடக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு குயின் மேரி 2 என்ற பயணிகள் கப்பல் வழக்கமாக 7 இரவுகள் எடுத்துக்கொள்ளும். நடுவில் இருப்பது தண்ணீர் மட்டும். இந்த வடக்கு வழிக்கு என் ஓட்டு கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், ஜன்னல் உள்ள கேபினுக்குத்தான். தெற்கு வழி என்றால் பால்கனியின் பக்கம் சாய்வேன். அதைக் கடைசியில் பார்ப்போம்.

பால்கனி பெரியது, விலையும் கூடுதல். ஜன்னல் கேபின் சற்று நெருக்கம். இரண்டிலும் கட்டில், குளியலறை, அலமாரி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். தீர்மானிக்க வேண்டியது ஆட்டத்தையும் காற்றையும் வைத்து.

முதலில் ஆட்டம். கப்பல் இரண்டு விதமாக ஆடும். இடம் வலமாகச் சாய்வது ஒன்று, முன்னும் பின்னும் ஏறி இறங்குவது இன்னொன்று. சாயும்போது உயரத்தில் இருப்பவருக்குத்தான் பாதிப்பு அதிகம். கப்பல் 5 பாகை சாய்ந்தால், சுழல் அச்சிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் உள்ள கேபின் பக்கவாட்டில் சுமார் 0.9 மீட்டர் நகரும். 30 மீட்டர் உயரத்தில் உள்ளது 2.6 மீட்டர் நகரும். பால்கனி கேபின்கள் பெரும்பாலும் மேல்தளங்களில்தான் இருக்கின்றன.

முன்பின் ஆட்டத்தைப் பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கும் சீசா பலகையோடு ஒப்பிடலாம். நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் தெரியாது, முனையில் இருப்பவருக்குக் குடல் வாய்க்கு வரும். ஒரே ஒரு பாகை ஏறி இறங்கினாலும், நடுவிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்கும் கேபின் 2.6 மீட்டர் உயர்ந்து தாழும். 15 மீட்டர் தள்ளி இருப்பதோ 26 சென்டிமீட்டர்தான்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் நீட்டும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் பக்கச் சாய்வைக் குறைக்கும், முன்பின் ஆட்டத்தை ஒன்றும் செய்யாது. வட அட்லாண்டிக்கில் காற்றும் அலையும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகின்றன. நியூயார்க்கை நோக்கிப் போகும் கப்பல் அவற்றை நேர்முகமாகச் சந்திக்கிறது. துடுப்புகளால் தணிக்க முடியாத ஆட்டம்தான் அந்தத் திசையில் ஓங்கி நிற்கும். ஆகவே ‘எந்தத் தளம்’ என்பதைவிட ‘நடுவிலிருந்து எவ்வளவு தூரம்’ என்பதையே முதலில் கேளுங்கள். பால்கனிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களும் நடுப்பகுதியை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது காற்று. கப்பல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் மேற்கே போகிறது, எதிர்காற்று 20 நாட் என்று வையுங்கள். திறந்த தளத்தில் 40 நாட், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர் வீசும். காற்றின் வலிமையைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவுகோலில் 34 முதல் 40 நாட் வரை 8-ஆம் எண், புயற்காற்று. பால்கனித் தடுப்புகள் கொஞ்சம் மறைக்கும்தான், ஆனாலும் புத்தகத்தோடு உட்கார முடியாது. அதே காற்றில் கிழக்கே திரும்பி வந்தால் 20-லிருந்து 20 போய்விடும். தளத்தில் காற்றே உறைக்காது. கிழக்கே வருபவருக்குச் சங்கடம் கடிகாரத்தில்தான். மேற்கே போகையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதால் ஐந்து நாட்கள் 25 மணி நேரம் கொண்டவை. கிழக்கே வருகையில் முன்னுக்கு வைப்பதால் ஐந்து நாட்கள் 23 மணி நேரம்தான். ஜன்னலே இல்லாத உள்கேபின் மலிவு என்றாலும், கிழக்குப் பயணத்தில் விடிந்தது தெரியாமல் உறக்கம் குழம்பும்.

கோடை என்றால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெதுவெதுப்பான கல்ஃப் நீரோட்டமும் சந்திப்பதால் மே முதல் ஜூலை வரை மூடுபனி அடிக்கடி கவியும். அப்போது பால்கனியிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது நீண்ட சங்கொலி எழுப்ப வேண்டும் என்பது கடல் விதி. மேல்தளத்தில் முன்புறம் படுத்தவருக்கு அந்த இரவு சிவராத்திரிதான். ஜனவரியில் கடல் சாதுவாக இருப்பதும் உண்டு, ஆனால் அதை நம்பிக் கேபின் எடுக்க முடியாது.

குயின் மேரி 2-இல் இடைப்பட்ட ஒரு வழியும் இருக்கிறது. கப்பலின் பக்கச்சுவரிலேயே குடைந்த பால்கனிகள், தளம் 4 முதல் 6 வரை. காற்று குறைவு, ஆட்டமும் குறைவு. கைப்பிடிக்குப் பதில் எஃகுச் சுவர் இருப்பதால் உட்கார்ந்தால் கடல் தெரியாது, எழுந்து நிற்க வேண்டும். பால்கனி எடுப்பதென்றால் நான் இதற்குத்தான் கைகாட்டுவேன்.

கீழ்த்தள ஜன்னலிலும் குறை உண்டு. கண்ணாடியில் உப்பு படிந்து மங்கும். முன்புறக் கேபின் என்றால் அலை மோதும் ஓசை இடிபோல் கேட்கும், கடல் கொந்தளித்தால் ஜன்னலுக்கு எஃகு மூடி போட்டுவிடுவார்கள். பின்கோடியில் உந்திகளின் அதிர்வு. தள வரைபடத்தில் உங்கள் கேபினுக்கு மேலும் கீழும் கேபின்களே இருக்கின்றனவா என்று பாருங்கள். தலைக்கு மேல் நடன அரங்கோ சமையலறையோ இருந்தால் நள்ளிரவில் நாற்காலி இழுக்கும் சத்தம் இறங்கும். பக்கத்துக் கேபினுக்கு இணைப்புக் கதவு இருந்தால் அங்கே பேசுவது இங்கே கேட்கும். கேபின் எண்ணைக் கப்பல் நிறுவனமே தேர்ந்து ஒதுக்கும் ‘கேரண்டி’ கட்டணம் மலிவுதான். ஆனால் முனைக் கேபின் வந்து சேர்ந்தால் மாற்றக் கேட்க முடியாது.

இனி தெற்கு வழி. இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு இடம்பெயரும் கப்பல்கள் பல மடெய்ராவையோ கேனரித் தீவுகளையோ தொட்டுப் போகும். சுமார் இரண்டு வாரம், அதில் ஆறேழு நாள் தொடர்ந்து கடல். கேனரியைத் தாண்டியதும் வடகிழக்கு வணிகக் காற்று பின்னாலிருந்து தள்ளும். போகப் போக வெயிலும் வெதுவெதுப்பும் கூடும். இங்கே பால்கனிக்குக் கொடுத்த பணம் வசூலாகும். மேற்கே போகும்போது தெற்கு வெயில் இடப்பக்கம் விழும், எனவே இடப்பக்கக் கேபின் கேளுங்கள். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் நவம்பர் 30 வரை நீள்வதால், கேப்டன் பாதையை மாற்றலாம், தீவுத் துறைமுகத்தைக் கைவிடவும் செய்யலாம். அந்தத் தீவைப் பார்ப்பதற்காகவே பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

எந்த வழியானாலும் பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது தாழ்வாரக் கதவைத் திறக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவே காற்று பாய்ந்து கனமான கதவை அறைந்து சாத்தும். நசுங்குவது கதவு நிலையில் வைத்த விரல்.