வீட்டாவா, 3டிஎஸ்ஸா: பழைய கன்சோல் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது

பழைய கையடக்க கேம் கன்சோல் ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், கடைசியில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சும்: சோனியின் பிளேஸ்டேஷன் வீட்டா, நிண்டெண்டோவின் 3டிஎஸ். இரண்டுமே 2011இல் ஜப்பானில் வெளியானவை. 3டிஎஸ் பிப்ரவரியில் வந்தது, வீட்டா டிசம்பரில். வீட்டாவின் தயாரிப்பு 2019இல் நின்றது. 3டிஎஸ் வகைகள் 2020 வரை தாக்குப்பிடித்தன. ஆக, இப்போது எதை வாங்கினாலும் யாரோ ஆடி முடித்ததைத்தான் பெரும்பாலும் வாங்குகிறோம். நான் 3டிஎஸ் வரிசையில் பின்னால் வந்த பெரிய திரை மாடலான ‘நியூ 3டிஎஸ் எக்ஸ்எல்’ வாங்கினேன். வீட்டாவை உறவுக்காரப் பையனிடம் இரவல் வாங்கி ஆடியதோடு சரி. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வீட்டாவில் நான்கு கோர் ஏஆர்எம் கார்டெக்ஸ்-ஏ9 சிப், 512 எம்பி ராம், தனியாக 128 எம்பி வீடியோ நினைவகம். முதல் 3டிஎஸ்ஸில் 268 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஏஆர்எம்11, 128 எம்பி ராம். 2014இல் வந்த நியூ 3டிஎஸ் இதை 804 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி என்று உயர்த்தியது. அப்படியும் வீட்டாவை எட்டவில்லை. படத்தின் கூர்மைதான் முக்கியம் என்பவர் இதற்கு மேல் படிக்க வேண்டாம், வீட்டாவை வாங்கிக்கொள்ளலாம்.

திரையிலும் வீட்டாதான் முன்னே. முதல் மாடலான பிசிஎச்-1000இல் 5 அங்குல ஓஎல்இடி, 960க்கு 544 புள்ளிகள். ஓஎல்இடி திரை காட்டும் அந்த ஆழ்ந்த கறுப்பைப் பார்த்துவிட்டு 3டிஎஸ்ஸைத் திறந்தால் கொஞ்சம் மனசு வாடத்தான் செய்யும். 3டிஎஸ்ஸின் மேல் திரையில் ஒரு கண்ணுக்கு 400க்கு 240 புள்ளிகள்தான், கீழ்த் திரையில் 320க்கு 240. எக்ஸ்எல் மாடலில் அதே புள்ளிகளைப் பெரிய திரையில் விரித்திருப்பதால் ஓரங்கள் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும். ஆனால் கண்ணாடி போடாமல் ஆழம் தெரிகிற அந்த 3டி, நியூ மாடலில் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. பழைய 3டிஎஸ்ஸில் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே படம் இரண்டாகப் பிரிந்துவிடும். நியூ மாடல் முன்பக்கக் கேமராவால் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பப் படத்தைத் திருப்பிக்கொள்கிறது. பழையதில் ஒருமுறை பார்த்துவிட்டு 3டி வீண் என்று முடிவு கட்டியவர்கள் நியூ மாடலில் இன்னொரு முறை பார்க்கலாம்.

கைக்கு அடக்கம், பட்டன்கள்? வீட்டாவில் இரண்டு அனலாக் ஸ்டிக்குகள் உண்டு. சின்னவைதான், ஆனால் துல்லியமானவை. நியூ 3டிஎஸ்ஸில் இரண்டாவது ஸ்டிக் என்ற பெயரில் இருப்பது பயறு அளவுக்கு ஒரு ரப்பர் முனை. கேமராவைத் திருப்ப உதவும், குறிபார்த்துச் சுட உதவாது. மாறாக வீட்டாவின் முதுகில் இருக்கும் தொடுபலகை எனக்குத் தொல்லையாகத்தான் இருந்தது. விரல் எங்கேயாவது பட்டு, கேமில் நான் நினைக்காத ஏதோ ஒன்று நடந்துவிடும்.

இவ்வளவும் வீட்டாவுக்குச் சாதகமாகவே இருக்கிறதே, பிறகு ஏன் 3டிஎஸ்? மெமரி கார்டுதான் காரணம்.

வீட்டா வந்தபோது போன்களில் எல்லாம் மைக்ரோ எஸ்டி கார்டு சாதாரணமாகிவிட்டது. சோனி அதை எடுத்துக்கொள்ளாமல், வீட்டாவுக்கென்றே புதிதாக ஒரு கார்டு செய்தது. 4, 8, 16, 32, 64 ஜிபி என்று விற்றது. கேமரா, போன், கணினி எதிலும் அந்தக் கார்டு போகாது. சோனியின் முந்தைய கையடக்கமான பிஎஸ்பியின் கார்டும் இதில் சேராது. முதல் மாடலுக்கு உள்ளே கேம்களைச் சேமிக்கும் இடமே கிடையாது. அதனால் கார்டு இல்லையென்றால் டவுன்லோடு செய்த எதையும் வைக்க முடியாது. கடையில் வாங்கிய கேம்களிலும் பல, ஆடிய இடத்தைச் சேமிக்க அந்தக் கார்டையே கேட்கும். 2013இல் வந்த மெலிந்த மாடலான பிசிஎச்-2000இல் 1 ஜிபி உள்நினைவகம் கொடுத்தார்கள். ஆனால் கார்டைச் செருகியதும் அந்த 1 ஜிபி ஒதுங்கிக்கொள்ளும், இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது.

புதிதாக வாங்கிய காலத்தில் இது வெறும் செலவுப் பிரச்சினை. இன்றைக்கு அது பராமரிப்புப் பிரச்சினை ஆகிவிட்டது. ஃப்ளாஷ் நினைவகம் தேயும் பொருள். எழுதி அழித்து எழுதி அழித்து ஒருநாள் கைவிடும். அப்போது மாற்றுக்கார்டு வேண்டும். அந்தக் கார்டை இனி யாரும் புதிதாகச் செய்யப் போவதில்லை, ஏனென்றால் அதைக் கேட்கும் கருவியே தயாரிப்பில் இல்லை. கிடைப்பதெல்லாம் இன்னொருவரின் வீட்டாவில் அதே அளவு தேய்ந்த கார்டுகள். பயன்படுத்திய பொருளுக்கு உதிரியாக இன்னொரு பயன்படுத்திய பொருளைத் தேடுவது எனக்குப் பிடித்த வேலை இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கார்டு ஒரு பிளேஸ்டேஷன் கணக்கோடு பிணைந்திருக்கும். கணக்கை மாற்றினால் கார்டையும் அழித்துத் தொடங்க வேண்டும். கணினியில் நேரடியாகச் செருகி நகலெடுக்கவும் வழியில்லை. வீட்டாவையே கேபிளில் இணைத்து, அதற்கென்று உள்ள மென்பொருள் வழியாகத்தான் காப்பு எடுக்க வேண்டும்.

மாற்று வழி ஒன்று இருக்கிறது. கேம் கார்டு போடும் இடத்தில் ஒரு சின்ன அடாப்டரைச் செருகி, அதற்குள் மைக்ரோ எஸ்டி வைத்துக்கொள்வார்கள். வீட்டா வைத்திருப்பவர்களில் பலர் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் அதற்கு நிறுவனம் தராத மாற்று ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, ஏற்ற வேண்டும். அப்புறம், அடாப்டர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் வரை கடையில் வாங்கிய கேம் கார்டைப் போட முடியாது. கருவியைத் திருத்தி மகிழ்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. வாங்கி வந்து ஆட வேண்டும், அவ்வளவுதான் என்கிற என் போன்றவர்களுக்கு அது சுமை.

3டிஎஸ் பக்கம் வாருங்கள். பழைய 3டிஎஸ்ஸில் சாதாரண எஸ்டி கார்டு, பக்கவாட்டில் மூடியைத் திறந்து செருகலாம். நியூ 3டிஎஸ், நியூ 3டிஎஸ் எக்ஸ்எல் இரண்டிலும் மைக்ரோ எஸ்டி. பின்மூடியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். இது ஒரு சின்ன எரிச்சல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எப்போதாவது செய்யும் வேலைதானே. அதிகாரபூர்வமாக 32 ஜிபி வரைதான் என்பார்கள். அதற்கு மேற்பட்ட கார்டையும் கணினியில் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து போட்டால் ஏற்றுக்கொள்கிறது. கார்டு பழையதானால், அதிலிருக்கும் ஃபோல்டரைக் கணினியில் நகலெடுத்துப் புதுக் கார்டில் ஒட்டினால் வேலை முடிந்தது. டவுன்லோடு செய்த கேம்கள் அந்த ஒரு கருவியோடு பூட்டப்பட்டிருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கார்டை எடுத்து வேறொரு 3டிஎஸ்ஸில் போட்டால் ஓடாது. கார்ட்ரிட்ஜில் வாங்கிய கேம்களின் சேமிப்பு பெரும்பாலும் கார்ட்ரிட்ஜிலேயே இருப்பதால் அந்தக் கவலை அங்கே இல்லை.

பேட்டரியும் இதே கதைதான், ஆனால் இங்கே வீட்டாவைக் குறை சொல்ல அதிகமில்லை. 3டிஎஸ் எக்ஸ்எல்லிலும் நியூ 3டிஎஸ் எக்ஸ்எல்லிலும் ஒரே 1750 எம்ஏஎச் பேட்டரி. அதே பின்மூடியைத் திறந்தால் கண்முன் இருக்கும். ஒயர் இல்லை, பசை இல்லை. நகத்தால் நெம்பி எடுத்துப் புதியதை வைத்தால் போதும். சின்ன 3டிஎஸ்ஸின் 1300 எம்ஏஎச் பேட்டரிக்கு இன்னொரு அதிர்ஷ்டம்: ஸ்விட்ச் கன்சோலின் புரோ கன்ட்ரோலரிலும் அதே பேட்டரிதான், அதனால் அதற்கு இப்போதைக்குத் தட்டுப்பாடு வராது. வீட்டாவின் 2210 எம்ஏஎச் பேட்டரியும் பசை போட்டு ஒட்டியதல்ல. ஆனால் அதைத் தொட உடலையே கழற்ற வேண்டும், உள்ளே மெல்லிய ரிப்பன் கேபிள்கள் இருக்கின்றன. இரவல் கருவியில் அந்த விஷப்பரீட்சை நான் செய்து பார்க்கவில்லை. கை பழகியவர்களுக்கு அது கஷ்டமில்லை என்றே நினைக்கிறேன்.

ஒரு சார்ஜில் ஓடும் நேரத்தில் 3டிஎஸ் கொஞ்சம் முன்னே. முதல் வீட்டாவுக்கு சோனி சொன்னது 3 முதல் 5 மணி நேரம். நியூ 3டிஎஸ் எக்ஸ்எல்லுக்கு நிண்டெண்டோ சொன்னது 3.5 முதல் 7 மணி நேரம். சார்ஜர் விஷயத்தில் பிசிஎச்-2000 எல்லோரையும் முந்துகிறது, சாதாரண மைக்ரோ யுஎஸ்பி. முதல் வீட்டாவுக்கு அகலமான தனி முனை. 3டிஎஸ்ஸுக்கும் தனி முனைதான், ஆனால் 2008இல் வந்த, 3டிஎஸ்ஸுக்கு முந்தைய டிஎஸ்ஐ தொடங்கி எல்லா மாடலுக்கும் அதே முனை என்பதால் கேபிள் எளிதில் கிடைக்கிறது.

3டிஎஸ்ஸில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் இடம் பார்த்து இருக்கிறது. மடிக்கும் கீல்தான் அதன் பலவீனம். மேல் திரைக்குப் போகும் கேபிள்கள் எல்லாம் அந்தக் கீலுக்குள் சுருண்டுதான் போகின்றன. திறந்து மூடித் திறந்து மூடி அது நைந்தால் மேல் திரை போய்விடும். அதைச் சரிசெய்வது பேட்டரி மாற்றுவதுபோல் லேசான வேலை இல்லை. வாங்கும்போது மேல் பாதியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, படம் மினுக்குகிறதா என்று பாருங்கள். நியூ மாடல்களில் இன்னொரு சூதாட்டம்: சிலவற்றில் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரை, சிலவற்றில் டிஎன் திரை. பெட்டியில் எதுவும் எழுதியிருக்காது. சாய்த்துப் பார்த்தால் நிறம் வெளிறினால் டிஎன். இரண்டு திரையும் ஐபிஎஸ் என்றால் விற்பவருக்குத் தெரிந்திருந்தால் கூடுதல் விலை சொல்வார். எனக்கு வாய்த்தது மேலே ஐபிஎஸ், கீழே டிஎன். ஆடும்போது அது நினைவுக்கு வருவதே இல்லை.

வீட்டாவுக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டிய ஒரு புள்ளி உண்டு. 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையான ஈஷாப்பில் கேம் வாங்குவது 2023 மார்ச் 27ஆம் தேதியோடு முடிந்தது; ஆன்லைன் ஆட்டமும் 2024 ஏப்ரலில் நின்றது. வீட்டாவின் கடையை 2021 ஆகஸ்டில் மூடப்போவதாகச் சோனி அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அந்த முடிவை வாபஸ் வாங்கியது. கிரெடிட் கார்டு எண்ணை வீட்டாவிலேயே போட்டு வாங்கும் வசதியை அந்த ஆண்டிலேயே எடுத்துவிட்டார்கள் என்றாலும், கணக்கில் பணம் ஏற்றிவைத்து வாங்க வழி இருந்தது. பழைய பிஎஸ்பி கேம்களையும் முதல் பிளேஸ்டேஷன் கேம்களையும் டிஜிட்டலாகச் சேர்த்துவைக்க விரும்புகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் வாங்கியதை எங்கே வைப்பது? சுற்றி வந்து அதே மெமரி கார்டில்தான் நிற்கிறோம்.

கேம்களைப் பொறுத்தவரை ரசனை ஆளுக்கு ஆள் மாறும். ஒன்று மட்டும் சொல்லலாம்: வீட்டாவுக்காக எழுதப்பட்டவற்றில் நல்லவை பல வேறு கருவிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பெர்சோனா 4 கோல்டன் 2020இல் கணினிக்கு வந்தது, கிராவிட்டி ரஷ் பிஎஸ்4க்கு வந்தது. 3டிஎஸ்ஸில் இரண்டு திரையையும் ஸ்டைலஸையும் நம்பி எழுதியவை அப்படி எளிதாக இடம் மாறுவதில்லை. கூடவே 3டிஎஸ்ஸுக்கு முந்தைய டிஎஸ் கருவியின் பழைய கார்ட்ரிட்ஜ்களும் இதில் ஓடும், அதுவே ஒரு தனி நூலகம். டிஎஸ் கேம் மங்கலாகத் தெரிந்தால் ஸ்டார்ட் அல்லது செலக்ட் பட்டனை அழுத்திக்கொண்டே கேமைத் திறங்கள். படம் சிறுக்கும், ஆனால் தெளிவாகும்.

3டிஎஸ்தான் என்று முடிவானால் நியூ வகையையே தேடுங்கள். ஜெனோபிளேட் குரோனிகல்ஸ் 3டி போன்ற சில கேம்கள் பழையதில் ஓடவே ஓடாது. 3டி வேண்டாம் என்றால் 2017இல் வந்த நியூ 2டிஎஸ் எக்ஸ்எல் போதும். வீட்டாதான் என்றால் மெமரி கார்டோடு சேர்த்து விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள். கார்டு இல்லாத வீட்டா மலிவாகத் தெரிந்தாலும் கடைசியில் அப்படி இருக்காது. வீட்டா கேம்களுக்கு வட்டாரப் பூட்டு இல்லை, எந்த நாட்டுக் கேம் கார்டும் ஓடும். 3டிஎஸ்ஸுக்கு உண்டு. ஜப்பானில் விற்ற கருவியில் அமெரிக்கக் கார்ட்ரிட்ஜ் ஓடாது. அழகான நிறத்தில் ஜப்பான் மாடல்கள் நிறையக் கண்ணில் படும். காசு கொடுப்பதற்கு முன் பின்பக்க ஸ்டிக்கரில் எந்த வட்டாரம் என்று பார்த்துவிடுங்கள்.